ரைலா ஒடிங்கா: "5 முறை தோற்றவர்" என்பதைத் தாண்டி (விவாத இழை)

கூழாங்கல் · பதிவு 1

கென்யாவின் முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்கா 2025 அக்டோபர் 15 அன்று கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டம் கூத்தாட்டுக்குளத்தில் காலை நடைக்குப் போன இடத்தில் சரிந்து விழுந்து இறந்தார். வயது 80. தமிழில் அவரைப் பற்றி வந்த குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: அதிபர் தேர்தலில் 5 முறை நின்றார், 5 முறையும் தோற்றார். 1997, 2007, 2013, 2017, 2022. கணக்கு சரிதான். ஆனால் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் கென்யாவில் 30 ஆண்டுகளாக என்ன நடந்தது என்பது பிடிபடாது.

இரண்டு தேர்தல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2007-ல் பதவியில் இருந்த அதிபர் கிபாகிக்கு 45,84,721, ஒடிங்காவுக்கு 43,52,993 என்று அறிவித்தார்கள். வித்தியாசம் 2,31,728. 2022-ல் துணை அதிபராக இருந்த ரூட்டோவுக்கு 71,76,141, ஒடிங்காவுக்கு 69,42,930. வித்தியாசம் 2,33,211. கிட்டத்தட்ட ஒரே இடைவெளி. முதல் தடவை நாடே பற்றி எரிந்தது. 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். இரண்டாவது தடவை மனு போட்டார்கள், 14 நாளில் தீர்ப்பு வந்தது, ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது.

நடுவில் மாறியது வாக்கு எண்ணும் முறை. அதை மாற்றியதில் ஒடிங்காவின் தோல்விகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் வாதம். ஒவ்வொரு தடவையும் அவர் எங்கே தோற்றாரோ, அந்த இடத்தில் விதி மாறியது. மறுப்பவர்கள் மறுக்கலாம். தகவலோடு மறுங்கள்.

செம்மண் · பதிவு 2

மறுக்கிறேன். நீங்கள் தோல்விகளை வரிசைப்படுத்தினீர்கள். நான் சமரசங்களை வரிசைப்படுத்துகிறேன்.

2001: தன்னை ஆண்டுக்கணக்கில் சிறையில் வைத்த அதிபர் மோயின் அமைச்சரவையில் எரிசக்தி அமைச்சர். 2008: தேர்தலைத் திருடினார் என்று தானே குற்றம் சாட்டிய கிபாகியின் அரசில் பிரதமர். 2018 மார்ச் 9: ஹராம்பே மாளிகை வாசலில் அன்றைய அதிபர் உஹுரு கென்யாட்டாவோடு கைகுலுக்கல். 2025 மார்ச் 7: அதிபராகிவிட்ட ரூட்டோவோடு 10 அம்ச ஒப்பந்தம். கென்யாவில் இதற்கு ஒரு பெயரே உண்டு, "நுசு ம்காதே", பாதி ரொட்டி. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்குப் பிறகும் நாடாளுமன்றத்தில் அரசைக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனது. அவரை நம்பித் தெருவில் இறங்கிச் செத்தவர்களின் வீட்டில் போய், எண்ணும் முறை மேம்பட்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

துடுப்பு · பதிவு 3

செம்மண், 2001-ஐ மற்ற மூன்றோடு ஒரே கட்டாகக் கட்டிவிட்டீர்கள். அது வேறு வகை. அதற்குப் பின்னணி வேண்டும்.

தந்தை ஜராமோகி ஒகிங்கா ஒடிங்கா கென்யாவின் முதல் துணை அதிபர். முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டாவோடு முறிந்து 1966-ல் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். 1969-ல் அந்தக் கட்சி தடை செய்யப்பட்டது. மகன் கிழக்கு ஜெர்மனியில், மாக்டபர்க்கில் இயந்திரப் பொறியியல் படித்து 1970-ல் திரும்பினார். நைரோபி பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், எரிவாயு சிலிண்டர் செய்யும் தொழில், பிறகு கென்யத் தர நிர்ணய அமைப்பில் துணை இயக்குநர். பின்னாளில் வாக்கு எண்ணிக்கையில் தவறு எங்கே நுழைகிறது என்று துருவியவர், தரக் கட்டுப்பாட்டு வேலையிலிருந்து வந்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

1982 ஆகஸ்ட் 1 விமானப்படைக் கலகம் தோற்றதும் அவர் மேல் தேசத்துரோக வழக்கு. பிறகு அதைக் கைவிட்டு, விசாரணையே இல்லாத காவலில் வைத்தார்கள், 1988 பிப்ரவரி வரை. 1984-ல் தாய் இறந்த செய்தியைச் சிறைக்காரர்கள் அவருக்குச் சொல்ல இரண்டு மாதம் ஆனது. வெளியே வந்த சில மாதங்களில் மறுபடி கைது. 1989 ஜூனில் விடுதலை. 1990 ஜூலையில், பல கட்சி ஆட்சி கேட்டு சபா சபா கூட்டம் (ஜூலை 7, ஸ்வாஹிலியில் ஏழு ஏழு) நடக்க இரண்டு நாள் இருக்கும்போது மூன்றாவது தடவை. 1991 ஜூனில் வெளியே வந்து அக்டோபரில் நார்வேக்குத் தப்பினார். அந்த டிசம்பரில் ஒரே கட்சி ஆட்சிக்கு அடிப்படையான 2ஏ பிரிவு அரசியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 1992 தேர்தலில் கிபேரா குடிசைப் பகுதி அடங்கிய லங்காட்டா தொகுதியின் உறுப்பினர் ஆனார்.

அந்த 1992-ல்தான் எதிர்க்கட்சிகளுக்குப் பெரிய பாடம். மதிபா சுமார் 26 சதவீதம், கிபாகி 19, ஜராமோகி 17. மூன்றையும் கூட்டினால் மோயின் 36 சதவீதத்தைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் தனித்தனியாக நின்றார்கள், மோய் ஜெயித்தார். 1997-லும் இதே கதை: மோய் 40, கிபாகி 31, ரைலா ஏறத்தாழ 11. தனியாக நின்றால் எவரும் ஜெயிக்க முடியாது என்று எண்ணே சொல்லிவிட்டது.

அதன்பிறகுதான் அவர் மோயின் கானு கட்சியோடு நெருங்கினார். 2002 மார்ச்சில் தன் கட்சியை அதில் கரைத்துப் பொதுச் செயலாளர் ஆனார். சில மாதங்களில் மோய் தன் வாரிசாக உஹுருவைக் கைகாட்டியதும், பெருந்தலைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். உள்ளே போகும்போது வலுவாக இருந்த கானு, அவர் வெளியே வரும்போது இரண்டாகப் பிளந்திருந்தது. அக்டோபர் 14 அன்று நைரோபியின் உஹுரு பூங்காவில் "கிபாகி டோஷா" (கிபாகி போதும்) என்று மேடையில் சொல்லிவிட்டார். தான் நிற்கவில்லை. டிசம்பரில் கிபாகி 62 சதவீதம். 1963 முதல் ஆண்ட கட்சி வீழ்ந்தது. இதைச் சரணாகதி என்று எழுத எனக்குக் கை வராது.

மின்மினி · பதிவு 4

ஒரு அடிப்படைக் கேள்வி. 2007-ல் திருட்டு என்று அவ்வளவு உறுதியாக இருந்தால் நேராக நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே? ஏன் தெருவுக்குப் போனார்கள்?

தாழை · பதிவு 5

நல்ல கேள்வி மின்மினி. பதில் முந்தைய இரண்டு வழக்குகளில் இருக்கிறது.

1992-ல் தோற்ற மதிபா மோய்க்கு எதிராக மனு போட்டார். காவலில் இருந்தபோது பக்கவாதம் வந்து கை வராமல் போனவர் அவர். மனைவி அதிகாரப் பத்திரத்தின் பேரில் கையெழுத்திட்டார். மனுதாரர் தானே கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள். 1997-ல் தோற்ற கிபாகி மனு போட்டார். மனுவின் பிரதியை மோயின் கையில் நேரடியாகக் கொடுக்கவில்லை என்று சொல்லி அதையும் தள்ளினார்கள். துப்பாக்கிக்காரர்கள் சூழ நிற்கும் அதிபரின் கையில் போய் யார் தாளைத் திணிப்பது? இரண்டு வழக்கிலும் ஓட்டுக் கணக்கை ஒரு நீதிபதியும் புரட்டிப் பார்க்கவில்லை. போதாததற்கு, மனுவைத் தீர்க்கக் காலக்கெடு இல்லை. முடிவு வருவதற்குள் பதவிக்காலமே ஓடிவிடும்.

இன்னொன்று, தேர்தல் ஆணையத்தின் உறுப்பினர்களை எல்லாக் கட்சிகளும் சேர்ந்து முன்மொழிவது என்று 1997-ல் ஓர் உடன்பாடு இருந்தது. 2007-க்கு முன் கிபாகி அதை ஓரம் தள்ளிவிட்டுத் தானே ஆட்களைப் போட்டார். டிசம்பர் 30 மாலை முடிவை அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில், இருட்டும் வேளையில், அதிபர் மாளிகைப் புல்வெளியில் பதவியேற்பு முடிந்துவிட்டது. அதே தேர்தலில் நாடாளுமன்றத்தின் 210 இடங்களில் ஒடிங்காவின் ஆரஞ்சு ஜனநாயக இயக்கம் 99 பிடித்தது, கிபாகியின் கட்சி 43. இந்த எண்ணைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? ஆணையத் தலைவர் கிவுய்ட்டுவே, கிபாகி ஜெயித்தாரா என்பது தனக்குத் தெரியாது என்று சில நாளில் பத்திரிகைகளிடம் சொன்னார்.

பிறகு விசாரித்த க்ரீக்லர் ஆணையத்தின் முடிவு இன்னும் கடுமை: யார் ஜெயித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு ஆவணங்கள் கெட்டுவிட்டன. வாக்காளர் பட்டியலில் மட்டும் சுமார் 12 லட்சம் இறந்தவர்கள் பெயர்.

அச்சாணி · பதிவு 6

தாழை சொன்னதில் "ஆவணங்கள் கெட்டுவிட்டன" என்பதைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் இழையின் மையம் அதுதான்.

2007-ல் நடந்த முறை இது. வாக்குச்சாவடியில் எண்ணி 16ஏ என்ற படிவத்தில் எழுதுவார்கள். தொகுதி மையத்தில் அதைக் கூட்டுவார்கள். கூட்டிய தொகையைத் தொலைபேசியில் நைரோபிக்குச் சொல்வார்கள், மூலத்தாள் பின்னால் வரும். நைரோபியில் ஒருவர் காதில் கேட்டதை எழுதுவார், இன்னொருவர் தட்டச்சு செய்வார். தொகுதியில் சொன்ன எண் ஒன்று, தலைநகரில் வாசித்த எண் இன்னொன்று என்று வந்தால் எது மூலம் என்று காட்ட வழியில்லை. திருத்த நினைத்தவனுக்கும், தூக்கக் கலக்கத்தில் கூட்டலில் தவறியவனுக்கும் அங்கே ஒரே வசதி.

இப்போதைய முறை வேறு. ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 700 வாக்காளர். கைரேகை பார்த்து ஆளை அடையாளம் காணும் சிறு கணினி (கீம்ஸ் என்பார்கள்) ஒவ்வொரு சாவடியிலும் இருக்கும். மாலை 5 மணிக்குக் கதவை மூடி, அங்கேயே, முகவர்கள் கண் முன்னால் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணுவார்கள். எண்ணியதை 34ஏ படிவத்தில் எழுதி அதிகாரியும் முகவர்களும் கையெழுத்திடுவார்கள். முகவர்களுக்குப் பிரதி, சாவடிக் கதவில் ஒன்று ஒட்டு. அதே தாளைக் கீம்ஸ் கருவியில் படம் எடுத்து நேராக அனுப்ப வேண்டும். 290 தொகுதிகளிலும் 34ஏக்களைக் கூட்டி 34பி எழுதுவார்கள். தொகுதி அதிகாரி அந்த 34பியையும் மூல 34ஏக்களையும் தானே தூக்கிக்கொண்டு நைரோபி போமாஸ் அரங்குக்கு வந்து ஒப்படைப்பார். அங்கே எல்லாம் சேர்ந்து 34சி.

முகவர் செய்ய வேண்டியது மேலோட்டமாகச் சின்ன வேலை. கையெழுத்திடும் முன் மூன்று எண்ணைச் சரிபார்க்க வேண்டும்: பெட்டியில் இருந்த சீட்டுகள், செல்லாதவை, வேட்பாளர் வாரியான கூட்டல். கருவியில் அடையாளம் காணப்பட்டவர்களைவிடச் சீட்டு அதிகமாக இருந்தால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். பிரதி கையில் வராமல் நகரக் கூடாது. நடைமுறையில் அதிகாலை 2 மணிக்குச் சோறு தண்ணீர் இல்லாமல், பேசிய படிப்பணத்தைக் கட்சி தராத நிலையில், எதிராளியின் ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு இளைஞன் இதையெல்லாம் செய்ய வேண்டும். 2022-ல் சாவடிகள் 46,229. அத்தனைக்கும் நம்பகமான ஆள் பிடிப்பதுதான் ஒரு வேட்பாளரின் உண்மையான தேர்தல் வேலை. மேடைப் பேச்சு அதற்கு அடுத்தபடி.

மின்மினி · பதிவு 7

அப்படியென்றால் 2013-லேயே இந்த முறை வந்துவிட்டதா? அப்போதும் வழக்கு தோற்றதே.

தாழை · பதிவு 8

2010 ஆகஸ்ட் 4 வாக்கெடுப்பில் புதிய அரசியல் சட்டம் 67 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. உச்ச நீதிமன்றம் என்ற ஒன்றே அதில்தான் உருவானது. அதிபர் தேர்தல் மனுவை 7 நாளில் போட வேண்டும், 14 நாளில் தீர்க்க வேண்டும். ஜெயிக்க, பதிவான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும்; 47 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) பாதிக்கு மேற்பட்டவற்றில் தலா 25 சதவீதமாவது வேண்டும்.

2013 மார்ச்சில் கருவிகள் பெருமளவில் படுத்துவிட்டன. கைரேகைக் கருவிக்குச் சார்ஜ் இல்லை, முடிவு அனுப்பும் முறை பாதியில் நின்றது, மென்பொருள் பிழையால் செல்லாத வாக்குகள் 8 மடங்காகத் திரையில் ஓடின. கடைசியில் கையால் கூட்டி உஹுருவுக்கு 61,73,433, அதாவது 50.07 சதவீதம் என்றார்கள். பாதியைத் தாண்டியது வெறும் 8,400 வாக்கு அளவில். ஒடிங்காவுக்கு 53,40,546.

வழக்கில் ஒடிங்கா தரப்பு கூடுதலாகக் கொடுத்த 839 பக்கப் பிரமாணப் பத்திரத்தைக் காலம் கடந்தது என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. 14 நாள் கெடுவின் மறுபக்கம் இது: வேகமாகத் தீர்ப்பு வரும், ஆனால் ஆதாரத்தை முன்கூட்டியே கட்டி வைக்காதவன் தோற்பான். செல்லாத வாக்கைச் சதவீதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதனால் உஹுருவின் சதவீதம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஆனால் பாருங்கள், தீர்ப்பை அவர் ஏற்கிறேன் என்றார். ஒப்பவில்லை, ஆனால் ஏற்கிறேன் என்றார். 2007-ல் நீதிமன்ற வாசலையே மிதிக்க மறுத்த இயக்கத்தை 2013-ல் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய், தோற்ற பிறகும் வீட்டுக்கு அனுப்பியது சாதாரணக் காரியம் இல்லை.

கூழாங்கல் · பதிவு 9

அந்த 2013 தோல்விக்குக் கிடைத்த பலன்தான் 2017. அந்த ஆகஸ்ட் தேர்தலுக்கு முன்னாலேயே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு தீர்ந்திருந்தது: தொகுதியில் அறிவித்த எண்ணே இறுதி, தலைநகரில் உட்கார்ந்து அதை மாற்ற முடியாது. ஆகஸ்ட் 8 முடிவு: உஹுரு 82 லட்சம், ஒடிங்கா 67.6 லட்சம். இடைவெளி 14 லட்சத்துக்கு மேல். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

ஒடிங்கா தரப்பு இந்தத் தடவை எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்ற சண்டைக்கே போகவில்லை. தாளைக் கேட்டது. 40,883 சாவடிகளின் 34ஏக்கள் எல்லாம் கைக்கு வரும் முன்னே எப்படி முடிவை அறிவித்தீர்கள், சில படிவங்களில் பாதுகாப்புக் குறிகள் ஏன் இல்லை என்று. சர்வரைத் திறந்து காட்டுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டும் ஆணையம் முழுதாகத் திறக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி மராகா தலைமையில் 4-2 என்ற கணக்கில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு. பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியை ஓர் ஆப்பிரிக்க நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் தடவை.

இடைவெளி எவ்வளவு பெரிது என்பதல்ல, அது எப்படி வந்தது என்று காட்ட முடிகிறதா என்பதே கேள்வி என்று அந்தத் தீர்ப்பு நிறுவியது. இதைச் செய்யாமல் இதற்குப் பின் எந்த ஆணையமும் தப்ப முடியாது.

செம்மண் · பதிவு 10

அதற்கு அடுத்து என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். அக்டோபர் 26 மறுதேர்தலிலிருந்து 16 நாள் முன்னால் விலகினார். உஹுரு 98 சதவீதத்தோடு ஜெயித்தார், வாக்களித்தவர்கள் 40 சதவீதம்கூட இல்லை. 2018 ஜனவரி 30 அன்று உஹுரு பூங்காவில் தன்னை "மக்கள் அதிபர்" என்று பதவியேற்றுக்கொண்டார். ஐந்தே வாரத்தில் கைகுலுக்கல். ஆணையத்தைச் சீர்திருத்தும் வரை விடமாட்டேன் என்றவர், அதே ஆணையத் தலைவரோடுதான் 2022-லும் தேர்தலுக்குப் போனார். நீதிமன்றம் அவர் கையில் கொடுத்த வாள் உறையிலேயே கிடந்தது.

தாழை · பதிவு 11

விலகலுக்குச் சட்டக் காரணம் ஒன்று இருந்தது: மறுதேர்தலுக்கு முன் வேட்பாளர் விலகினால் புதிதாக வேட்புமனு வாங்க வேண்டும் என்று 2013 தீர்ப்பிலேயே ஒரு வரி உண்டு. அதைப் பிடித்து 90 நாள் அவகாசம் பெறலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆணையம் அசையவில்லை. கணக்கு தவறியது. அதில் செம்மண்ணோடு எனக்கு வாதமில்லை.

கூழாங்கல் · பதிவு 12

கைகுலுக்கல் பற்றி இரண்டு விஷயம். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

2010-க்கு முன் அதிபர் வேட்பாளர் ஒரு தொகுதியிலும் நிற்பார். 1997-ல் அதிபர் தேர்தலில் மூன்றாவதாக வந்த ஒடிங்கா, லங்காட்டா உறுப்பினராக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். புதிய சட்டத்தில் அது கிடையாது. அதிபர் தேர்தலில் நின்று 43 சதவீதமோ 48 சதவீதமோ வாங்கியவர், தோற்ற மறுநாள் ஒரு பதவியும் இல்லாத ஆள். பேச மேடை இல்லை. கேள்வி கேட்க அவை இல்லை. மிஞ்சுவது தெரு ஒன்றுதான். தெருவின் எல்லை துப்பாக்கி. அதைத் தாண்ட வேண்டுமென்றால் பேச்சுவார்த்தை. 2017-18, 2023 போராட்டங்கள் இரண்டிலும் இதே ஓட்டம். தான் முன்நின்று கொண்டுவந்த அரசியல் சட்டமே அவரை வெளியே நிறுத்தியது.

இதைச் சரிசெய்யத்தான் கைகுலுக்கலுக்குப் பின் வந்த "பாலம் கட்டும்" திருத்தத்தில், தோற்றவருக்கு எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவி, கூடவே பிரதமர் பதவி, 70 புதிய தொகுதிகள், கவுண்டிகளுக்கு 35 சதவீத நிதி எல்லாம் போட்டார்கள். 2021 மே-ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதிபர் குடிமக்கள் முன்முயற்சி என்ற வழியைப் பிடித்துச் சட்டத்தைத் திருத்த முடியாது என்பது காரணம். நல்ல நோக்கத்தைத் தவறான கதவு வழியாகக் கொண்டுபோனார்கள்.

இரண்டாவது, ஒப்பந்தம் போடுவதில் அவர் கற்றுக்கொண்டதைப் பாருங்கள். 2002-ல் கிபாகியோடு போட்ட உடன்பாடு வெறும் தாள்: அமைச்சரவையில் சரிபாதி, ஒடிங்காவுக்குப் பிரதமர் பதவி. பிரசாரத்தின் நடுவே கிபாகி கார் விபத்தில் அடிபட்டு லண்டன் மருத்துவமனையில் கிடந்தபோது ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டவர் ஒடிங்கா. ஜெயித்த பிறகு அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. சாலை அமைச்சர் பதவியோடு சரி. 2005-ல் அவர் கிபாகியின் அரசியல் சட்ட வரைவை எதிர்த்து "ஆரஞ்சு" அணியை 58 சதவீதத்தோடு ஜெயிக்க வைத்ததும் பதவி போனது.

அதனால்தான் 2008-ல் கோஃபி அன்னான் முன்னிலையில் பேசியபோது, கையெழுத்து மட்டும் போதாது, நாடாளுமன்றத்தில் சட்டமாக்கி அரசியல் சட்டத்திலும் பொறிக்க வேண்டும் என்று நின்றார். பிப்ரவரி 28 கையெழுத்து, மார்ச் 18 சட்டம், ஏப்ரல் 17 பிரதமர் பதவியேற்பு. மக்காச்சோள ஊழல், பள்ளி நிதி ஊழல் தொடர்பாக 2010 பிப்ரவரியில் ரூட்டோ உட்பட இரண்டு அமைச்சர்களை 3 மாதம் நிறுத்திவைத்தார். அன்றே கிபாகி அதை ரத்து செய்தார். அதிகாரம் பாதிதான். ஆனால் பதவியைப் பிடுங்க முடியவில்லை, ஏனென்றால் அது சட்டத்தில் இருந்தது.

2018-ல் மறுபடி வெறும் தாளுக்குத் திரும்பியதுதான் எனக்கு வருத்தம். 2008-ல் கற்றதை மறந்தாற்போல இருந்தது.

அச்சாணி · பதிவு 13

2022-க்கு வருகிறேன். 34ஏ படங்கள் எல்லாவற்றையும் ஆணையம் இணையத்தில் போட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக் கூட்டலாம். 2017 தீர்ப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. ரூட்டோ 50.49, ஒடிங்கா 48.85. முதல் சுற்றில் ஜெயிக்கத் தேவையான பாதியை ரூட்டோ தாண்டியது ஏறத்தாழ 70,000 வாக்கில்.

ஆணையத்தின் 7 பேரில் 4 பேர் முடிவை ஏற்க மறுத்தார்கள். அவர்கள் சொன்ன ஒரு காரணம்: சதவீதங்களைக் கூட்டினால் 100.01 வருகிறது, அந்த 0.01 என்பது 1,42,000 வாக்கு என்றார்கள். கணக்குப் போடுங்கள்: 1.42 கோடியில் 0.01 சதவீதம் 1,420. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கும்போது வரும் வித்தியாசம் அது. நாட்டின் தலைவிதி தொங்கிய நாளில், தேர்தல் ஆணையர்கள் தசமப் புள்ளியில் சறுக்கினார்கள்.

வழக்கில் படிவங்களை நடுவழியில் மாற்றினார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அப்படியானால் முகவரிடம் இருக்கும் பிரதியும் இணையத்தில் இருக்கும் படமும் வேறாக இருக்க வேண்டும். வேறான பிரதிகளை மேசையில் வைக்க முடியவில்லை. மூலத்தாள்களைச் சரிபார்த்த நீதிமன்றம் செப்டம்பர் 5 அன்று ஒருமனதாக மனுவைத் தள்ளியது. உறுதியான ஒரே எதிர்ச் சான்று தன் முகவர்கள் கையில் இருக்கும் 34ஏதான் என்பது ஒடிங்காவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தனக்கு ஆதிக்கமில்லாத பகுதிகளில் அதைச் சேகரிக்கும் ஏற்பாடு அவர் பக்கம் பலவீனம். அதிபர் உஹுரு நம்மோடு இருக்கிறார், அரசு எந்திரம் நம் பக்கம் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

செம்மண் · பதிவு 14

அச்சாணி சொல்வதை ஏற்கிறேன். நானும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: எண்ணும் முறை விஷயத்தில் கூழாங்கல்லின் வாதம் நிற்கிறது.

ஆனால் 2024? நிதி மசோதாவுக்கு எதிராக எந்தத் தலைவரும் இல்லாமல் இளைஞர்கள் எழுந்தார்கள். ஜூன் 25 அன்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள், சுடப்பட்டார்கள். ரூட்டோ ஆட்டம் கண்டு அமைச்சரவையைக் கலைத்தார். அந்த வெற்றிடத்தில் போய் உட்கார்ந்தது ஒடிங்காவின் ஆட்கள்: நிதிக்கு ம்பாடி, எரிசக்திக்கு வாண்டாயி, சுரங்கத்துக்கு ஜோஹோ, கூட்டுறவுக்கு ஓபரான்யா. 1990-ல் தெருவில் நின்றவனைத் தூக்கி உள்ளே போட்ட அரசை எதிர்த்தவர், 2024-ல் தெருவில் நின்றவர்களைச் சுட்ட அரசுக்கு முட்டுக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் "பாபா" (அப்பா) என்று அவரை அழைத்து வளர்ந்தவர்கள். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

துடுப்பு · பதிவு 15

அந்தக் கோபம் நியாயமானது. அரசு கவிழ்ந்தால் ராணுவம் வரும் என்ற 1982-ன் அச்சம் அவரிடம் இருந்தது என்பது என் கணிப்பு. அதற்காக இளைஞர்கள் மன்னிக்க வேண்டியதில்லை.

ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத் தலைவர் தேர்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் கடைசியாக நின்ற வாக்கெடுப்பு அது. 2025 பிப்ரவரி 15, அடிஸ் அபாபா. முதல் இரண்டு சுற்றில் அவரே முன்னிலை, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மூன்றாவது சுற்றிலிருந்து ஜிபூட்டியின் மஹ்மூத் அலி யூசுஃப் முந்தினார். ஆறாவது சுற்றோடு ஒடிங்கா ஒதுங்க, ஏழாவது சுற்றில் யூசுஃபுக்கு 33 வாக்கு. அங்கே ரூட்டோ அரசுதான் அவருக்காக ஓட்டுக் கேட்டது. மூன்று வாரத்தில் 10 அம்ச ஒப்பந்தம் வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூத்தாட்டுக்குளம் அவருக்குப் புது இடமில்லை. மகள் ரோஸ்மேரியின் கண் பார்வைக்கு அங்குள்ள ஆயுர்வேத மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்தது. உடல் நைரோபி போனபோது கசரானி மைதானத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்ப் பாதுகாப்புப் படை சுட்டதில் அங்கேயும் உயிர்ப்பலி. தன்னை 72 மணி நேரத்துக்குள் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அக்டோபர் 19 அன்று போண்டோவில், தந்தையின் வளவில் அடக்கம் செய்தார்கள். கட்சி, அவருடைய அண்ணன் ஓபுருவின் கைக்குப் போனது.

மின்மினி · பதிவு 16

2027-ஐப் பார்ப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

அச்சாணி · பதிவு 17

தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. ஆணையத்தில் 2023 ஜனவரியிலிருந்து 2025 ஜூலை வரை ஆணையர்களே இல்லை. தொகுதி எல்லைச் சீரமைப்பு அதில் தவறிப்போனது. புதிய தலைவர் எத்தகான் குழுவுக்கு அவகாசம் குறைவு. 34ஏ படங்களை மறுபடி இணையத்தில் போடுவார்களா, எத்தனை மணிக்குள் போடுவார்கள் என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, செயற்கைக்கோள் வழி அனுப்ப வேண்டிய, அலைபேசி எட்டாத சாவடிகளின் பட்டியல் எப்போது வெளிவருகிறது என்று பாருங்கள். மூன்றாவதாக ஒடிங்காவின் கட்சி. ரூட்டோவோடு ஒரே பக்கம் நின்றால், அவர் கோட்டையான நியான்சாவின் சாவடிகளில் எதிர்த்தரப்புக்கு முகவராக உட்கார யார் இருப்பார்கள்?